முன்கூட்டிச் சொன்ன நன்றி

"ஹலோ… ஆங், சொல்லுடா… கேக்குது, கேக்குது. மெஷின்லதான் இருக்கேன்… இல்ல இல்ல, பேசலாம். கையைத்தான் கட்டிப் போட்டிருக்காங்க, வாயை இல்ல… ம்… ம்… சாப்பிட்டியா நீ?… என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா? டேய், சளின்னா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடு. செவ்வாய்க்கிழமைக்குள்ள சரியாகணும். ஆபரேஷனைத் தள்ளி வைக்கிற வேலையே வேணாம்… சளி இல்லயா? அப்பாடா."

அக்கா போனை வலது காதோடு அழுத்திக்கொண்டு தலையணையில் நன்றாகச் சாய்ந்தாள். இடது கை அசையக் கூடாது. அதில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், கட்டிலை ஒட்டி நிற்கும் மெஷினில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாக உடம்புக்குத் திரும்பி வரும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்கு இந்தக் கட்டில்தான். அதற்கு முன் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். சந்துக்குச் சந்து ஹாரன் அடிப்பதால் பிள்ளைகள் அவளுக்குப் பாம்பாம் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போனில் இருப்பவன் அவளுடைய ஒரே தம்பி. ஜன்னலுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி பொருத்துகிறவன். அவனுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துகிறது என்று எல்லாச் சோதனையும் சொல்லிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை அவனிடமிருந்து ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்கப் போகிறார்கள்.

"கேளு, இன்னைக்கு என்ன ஸ்தோத்திரம் சொன்னேன் தெரியுமா? சிரிக்காத. பக்கத்துக் கட்டில் பெரியவர் குறட்டை விடல. அதுக்குத்தான்… ஆமாடா, அதுவும் கணக்குதான். முந்தாநேத்து ஊசி ஒரே குத்துல ஏறிடுச்சு, அதுக்குச் சொன்னேன். அன்னைக்குச் சொன்னது இன்னைக்குச் செல்லாதே, புதுசா ஒண்ணு தேடித்தானே ஆகணும்… ஹலோ? இருக்கியா?… ம்."

தினமும் ஒன்றுக்கு நன்றியாக ஸ்தோத்திரம் சொல்லும் இந்தப் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியது சபையின் ஊழியக்காரம்மா. நோய் தெரிந்த புதிதில் அக்கா ஆறு வாரம் ஆராதனைக்கே போகவில்லை. வீடு தேடி வந்த ஊழியக்காரம்மாவிடம், நன்றி சொல்ல என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று சீறினாள். அந்த அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மனசு வந்தாத்தான் பல்லு விளக்குவியா? அது மாதிரிதான் இதுவும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்த ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வாய்விட்டுச் சொல்லு. பொய்யா மட்டும் சொல்லாத. கிடைக்கலன்னா கிடைக்கிற வரைக்கும் முழிச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் ராத்திரி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, தலையணை உறை துவைத்ததாக இருக்கிறது, ஸ்தோத்திரம் என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அப்படித் தொடங்கியது. தம்பி தருகிறேன் என்று சொன்ன பிறகு ராத்திரிக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை; பகலிலும் சின்னதாக ஒன்றைத் தேடிச் சொல்லத் தொடங்கினாள்.

"என்னடா, பேசவே மாட்டேங்கற? விஷயம் இருக்குன்னா சொல்லேன், சுத்தி சுத்தி வராம… ம்… ம்… என்ன?… திருப்பிச் சொல்லு. இங்க ஏ.சி. சத்தம்… முடியலன்னா? என்ன முடியல? இன்னைக்கு ரத்தம் குடுக்க வர முடியலயா? அதை நாளைக்குக் கூட…"

அவள் நிறுத்திக்கொண்டாள். 

"செவ்வாய்க்கிழமையா… விளையாடாத. டேய், விளையாடாத, எனக்கு பி.பி. ஏறும். ஏறுச்சுன்னா மெஷின் கத்தும், நர்ஸ் வந்து உன்னைத்தான் திட்டுவாங்க… நிஜமாவா சொல்ற?… ஏன்?… ஏன்னு கேக்கறேன். யாரு சொல்லிக் குடுத்தா? உன் பொண்டாட்டியா? மாசமா இருக்கற பொண்ணு, பயப்படுவா, சரி, நான் அவகிட்ட பேசறேன், போனைக் குடு… தெரியாதா? அவளுக்கே தெரியாதா? அப்ப யாருதான்டா… நீயா. நீயாவா எடுத்த முடிவு."

"இல்ல, நீ கேளு. நீ முதல்ல கேளு. டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு கிட்னியோட நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்னாரா இல்லையா? ரெண்டு மாசத்துல பழையபடி கண்ணாடி தூக்கலாம்னாரா இல்லையா? உன் எதிர்லதானே சொன்னாரு!… அது தெரியும், அது தெரியும்னா அப்புறம் என்னடா?… நான் தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு? வயிறு நிறைய, ஒரு சொம்பு தண்ணி? தண்ணியை அளந்துதான் குடிக்கணும்னு ஐஸ் கட்டியைச் சப்பிக்கிட்டுக் கிடக்கறேன்டா. எம்பொண்ணு அவ கிளாஸ் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா, எங்க மாமா எங்கம்மாவைக் காப்பாத்தப் போறாருன்னு. அவகிட்ட நான் என்ன சொல்றது? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவரால முடியாது. வேற யாரு இருக்கா எனக்கு?… அழுதா? நீ அழுதா எல்லாம் சரியாப் போச்சா? அம்மா போனப்ப உனக்கு என்ன வயசு? இந்தக் கைடா. இப்ப ஊசி குத்தி வச்சிருக்கே, இந்தக் கைதான் உன்னைத் தூக்கிச் சுமந்துச்சு. பேசாத. ஒண்ணும் பேசாத. போனை வை… வைடா!"

அவளே துண்டித்தாள்.

அந்த வேகத்தில் இடது கையையும் மடக்கிவிட்டாள். மெஷின் அலறியது. நர்ஸ் ஓடி வந்து கையை நேராக்கி, குழாயைச் சரிபார்த்து, பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் கண் விழித்துப் பார்த்துவிட்டு, நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டவரே என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் சண்டைதான். கையில் கொடுத்துவிட்டு ஏன் பிடுங்குகிறீர், நான் கேட்டேனா, நீர்தானே காட்டினீர் என்று உள்ளுக்குள் கத்தினாள்.  நெஞ்சின்மேல் கிடந்த போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"ஹலோ… சொல்லு… கத்த மாட்டேன். கத்தறதுக்குத் தெம்பு இல்ல… அழாம சொல்லு. நான் கேக்கறேன்."

"ம்… ம்… ஞாயித்துக்கிழமையா? ஆமா. பாஸ்டர் உன்னை முன்னாடி கூப்பிட்டாரு… ஆமா, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நான்தான் பாஸ்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன், ஸ்தோத்திர ஜெபம் வைக்கணும்னு. அதுல என்ன… ம்… யாரு, அந்தப் பியானோ வாசிக்கிறவரா? உன் கையை முத்தம் பண்ணாரா?… நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்ன. பார்த்தேன். பணிவா நிக்கறான் என் தம்பின்னு நான் பக்கத்துல இருந்தவங்ககிட்ட பெருமையாச் சொன்னேன்டா… வாந்தி வந்துச்சா? கும்பிடுற இடத்துலயா?… அப்பவே சொல்லியிருக்கலாமே… ஆமா. எப்படிச் சொல்வ. அத்தனை பேரு எதிர்ல எப்படிச் சொல்வ."

"நானா? நான் என்ன பண்ணேன்?… ராத்திரி அனுப்பற வாய்ஸ் மெசேஜா? அது நன்றிடா. அது வேற ஒண்ணும் இல்ல. ஊழியக்காரம்மா சொன்ன மாதிரி தினமும் ஒண்ணு. ராத்திரியில எல்லாம் உன்னைப் பத்தித்தான் வந்துச்சு, அதனால உனக்கே அனுப்பினேன்… கேக்கறதே இல்லயா?… எப்பலேருந்து?… திறக்கவே இல்லயா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு இரவும் மகள் தூங்கிய பிறகு சமையலறை மூலையில் நின்று, குரலைத் தாழ்த்தி அனுப்பியவை அவை. நீ கொடுக்கப் போகிறாயே, உன்னை ஆண்டவர் ஆசீர்வதிப்பார். நீ இல்லாவிட்டால் என் பிள்ளைக்குத் தாய் இல்லை. நீ எனக்குத் திரும்ப உயிர் கொடுக்கிறாய். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் இப்போது அவற்றை அவனுடைய காதால் கேட்டுப் பார்த்தாள்.

"இரு… இரு, நான் சொல்லி முடிச்சுடறேன். நீ இன்னும் குடுக்கவே இல்ல. நான் தினமும் நீ குடுத்துட்டன்னு சொல்லி சொல்லி… உனக்கு அது நன்றியா வரல. கயிறா வந்திருக்கு. அப்படித்தானே?… இல்லன்னு சொல்லாத. என் மனசு நோகாம இருக்கணும்னு பேசாத, அதைத்தான் இவ்வளவு நாளா பண்ணிக்கிட்டு இருக்க… ம். அப்படித்தான்னு சொல்லு… சரி."

அப்போது மருத்துவமனை வாசலிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடி ஏற்றிய வெள்ளை வண்டி ஆம்புலன்ஸ் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, உடனே எடுக்கவும் என்றது. ஜன்னல் வழியாக அது அவளுடைய இடது காதுக்கு வந்தது. அதே குரல், அதே கரகரப்பு, போன் வழியாக வலது காதுக்கும் வந்தது.

"டேய்… நீ எங்க இருக்க?… கடையிலயா. பொய். உன் வண்டியை எடுக்கச் சொல்லி மைக்ல கத்திக்கிட்டு இருக்கான்… கீழதான் நிக்கற. காலையிலேருந்தா?… லிப்ட் வரைக்கும் வந்தியா… வந்துட்டுத் திரும்பிப் போனியா… சரி, சரி, முதல்ல வண்டியை எடு, ஏதோ ஒரு உசிரு வந்துக்கிட்டு இருக்கும். எடு, நான் லைன்லயே இருக்கேன்."

இன்ஜின் உறுமுவதும், கண்ணாடித் தகடுகள் மரச்சட்டத்தில் மோதி முனகுவதும், யாரோ திட்டுவதும் கேட்டன. அந்தச் சத்தத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோ ஆனது. நர்ஸ் பஞ்சு கொண்டு வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள்.

"ஆங்… நிறுத்திட்டியா… மேல வாயேன்… சரி. சரி, வர வேணாம். அங்கயே நில்லு. இப்பச் சொல்லு, என்னதான் பயம்? டாக்டருக்குச் சொல்ற பதில் வேணாம், எனக்குச் சொல்லு… மயக்க மருந்தா… முகத்துல வைக்கிற மாஸ்க்கா… திரும்ப முழிக்க மாட்டேன்னு… யாரு அப்படி… ஓ."

"அப்பா."

"குடலிறக்கத்துக்குத்தான் உள்ள போனாரு. சின்ன ஆபரேஷன், சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்னாங்க. சிரிச்சுக்கிட்டே போனாரு. முழிக்கவே இல்ல… என்னை உள்ள கூப்பிட்டாங்க. உன்னை… உன்னை எங்க விட்டோம்? வெளிய பெஞ்சுல. அப்பாவோட செருப்பை உன் மடியில குடுத்துட்டு, பத்திரமா வச்சுக்க, வந்து கேப்பாருன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன்… எவ்வளவு நேரம்டா உக்காந்திருந்த?… யாருமே வந்து சொல்லலயா?… ஐயோ. எனக்கு மறந்தே போச்சுடா. இத்தனை வருஷமா அந்தப் பெஞ்சு எனக்கு ஞாபகமே இல்ல. அன்னைக்கு நடந்தது எனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

 மெஷினில் ரத்தத்தைத் தள்ளும் பம்ப் சுழன்றுகொண்டிருந்தது.

"ம்?… என்ன சொன்ன?"

அவன் சொன்னது அவளுக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டிருந்தது. வந்துவிடுகிறேன் அக்கா, செவ்வாய்க்கிழமை கண்ணை மூடிக்கொண்டு வந்து படுத்துவிடுகிறேன், நீ ஒன்றும் யோசிக்காதே என்றான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

சரி என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். அவள் நாக்கு அதைச் சொல்லத் தயாராகவே இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் கண்முன் வந்தது. வேனின் ஸ்டீரிங் உள்ளங்கையில் சுடுவது போல் இருந்தது. மகள் பெரியவளாகி, படித்து, கல்யாணத்துக்கு நிற்பது வரை ஒரே மூச்சில் ஓடியது.  மறுமுனையில் அவன் பதிலுக்குக் காத்திருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. ஆஸ்பத்திரில அந்தக் கவுன்சிலிங் அம்மா உன்னைத் தனியா உக்கார வச்சுப் பேசினாங்கல்ல… ம். யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தறாங்களான்னு கேட்டிருப்பாங்களே. என்ன சொன்ன?… இல்லன்னு சொன்னியா… நான் கதவுக்கு வெளிய நின்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்டா. நீ சரியா பதில் சொல்லணும்னு. அதுக்குப் பேரு ஜெபமா? எனக்கே தெரியல."

"வேணாம்… வேணாம்னு சொல்றேன்… இல்ல, கோவத்துல இல்ல. கோவம் இருக்கு, ஆனா அதால இல்ல. அழுதுகிட்டே வந்து படுக்கறவன்கிட்டேருந்து எடுத்து உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படிடா தூங்குவேன்?… பேசாத, இதுல நீ பேசாத. அக்கா பேசறேன். நீ நாளைக்குக் காலையில டாக்டரைப் பாரு. முடியலன்னு மட்டும் சொல்லு. காரணம் கேக்க மாட்டாங்க, அவங்க சட்டமே அதுதான். பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்… பொய் எதுக்குச் சொல்லணும்? அவனால முடியல, நான் சரின்னுட்டேன்னு சொல்வேன். கை தட்டினவங்க கையை மடிச்சு வச்சுக்கட்டும்… இறந்தவங்க தர்ற கிட்னிக்கு என் பேரு பதிவுல இருக்கு. வரிசை நீளம்தான், ஆனா இருக்கு. மெஷின் இருக்கு. எத்தனையோ பேரு வருஷக்கணக்கா ஓட்டறாங்க… தெரியல. எனக்கு என்ன ஆகும்னு தெரியல. தெரியும்னு உன்கிட்ட நடிக்க மாட்டேன்."

"இன்னொண்ணு. நாளைக்கு எனக்கு உம்மேல கோவம் வரும். நாளன்னைக்கும் வரும். தண்ணி தாகம் எடுக்கறப்பல்லாம் வரும். போன் பண்ணித் திட்டுவேன். எடுத்துக் கேட்டுக்கணும், கட் பண்ணிட்டு ஓடக் கூடாது… ம். சரி… உன் பொண்டாட்டிகிட்ட இன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிடு. அப்பா விஷயத்தையும். அவகிட்ட அழு. இப்படி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழாத."

"…என்னது? இன்னைக்கு ராத்திரிக்கு ஸ்தோத்திரமா? பெரியவர் குறட்டை விடலன்னு காலையிலயே சொல்லிட்டேனே… அது போதாதா? கிண்டல் பண்றியா?… நிஜமாத்தான் கேக்கறியா."

அவள் யோசித்தாள். தேடினாள் என்பதே சரி. கிடைக்கிற வரைக்கும் முழித்திரு என்று சொன்ன குரல் நினைவுக்கு வந்து எரிச்சல் மூட்டியது. பிறகு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், போனை வாயருகே கொண்டுவந்தாள்.

"லைன்ல இரு. கண்ணை மூடிக்க… ஆண்டவரே. எனக்குக் கோவமா இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். இவன்மேல கோவம். உம்மேலயும் கோவம். இப்ப நடந்ததுக்கு என்னால நன்றி சொல்ல முடியாது, அதை என்கிட்ட கேக்காதேயும். ஆனா… டாக்டருங்க இவனைத் தலையிலேருந்து கால்வரைக்கும் பார்த்தாங்க. ரத்தம் பார்த்தாங்க, நெஞ்சு பார்த்தாங்க, எல்லாம் பார்த்துட்டு ஒரு குறையும் இல்லன்னாங்க. என் தம்பிக்குக் கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. எனக்கு வந்தது இவனுக்கு வரல. பிறக்கப் போற குழந்தைக்கு அப்பா முழுசா இருக்கான். அது ரெண்டும்… அது ரெண்டும் அவன்கிட்டயே இருக்கட்டும். அதுக்கு ஸ்தோத்திரம். இதுக்கு மேல எனக்கு வரல. ஆமென்."

"…ஆமென் சொல்லுடா… ம். கேட்டுச்சு… போதும், போ. மூஞ்சியைக் கழுவிட்டு வண்டியை எடு. பார்த்து ஓட்டு, பின்னாடி கண்ணாடி இருக்கு… ம்… சரி… வைக்கிறேன். வச்சுட்டேன்."

போனை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தாள். இன்னும் இரண்டு மணி நேர மெஷின் பாக்கி இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே, கிட்னி தரப்போகிற அந்தத் தம்பிதானே பேசினார் என்று சிரித்த முகமாக விசாரித்தாள்.

"ம்?… இல்ல சிஸ்டர். தம்பி. அவ்வளவுதான்."